பாதிக் கேள்வி

எழுபதுகளில் ஒரு மாசி மாதம். சேலம் பக்கம் வாந்திபேதி பரவியதால், ஏற்காட்டுக்கு ஏறிவரும் பஸ்களை ஊருக்கு முன்னால் நிறுத்திச் சோதிக்கும் வேலை சுகாதார ஆய்வாளனான என் தலையில் விழுந்தது. நோய் உள்ளவர்களையும் கூட வந்தவர்களையும் இறக்கி, பக்கத்துக் கொட்டகையில் ஐந்து நாள் வைக்க வேண்டும் என்பது உத்தரவு. அதை எழுதிய புண்ணியவான் இந்த மலையில் பஸ் ஏறியதே இல்லை போலிருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு. வாந்தி எடுக்காமல் வருகிறவனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை ஜன்னலோரம் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். பெயர் ஆரோக்கியசெல்வி, ஊர் நாகலூர். கூட வந்தவர் அப்பா ஜேசுதாஸ், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். கல்யாணச் சேலை எடுக்கச் சேலம் போய், இரண்டு நாள் தங்கித் திரும்புகிறார்கள். இருவரையும் இறக்கினேன்.

"ஏனுங்க சார், இவளுக்குப் பஸ் பொகை பட்டாலே கொமட்டுமுங்க. நாளன்னிக்குக் கல்யாணமுங்க. கோயில்ல மூணு ஞாயித்துக்கெழமையும் கல்யாண ஓலை வாசிச்சு அறிவிச்சாச்சு."

"அஞ்சு நாள் தள்ளி வைங்களேன்."

"புதன்கிழமை விபூதிப் புதனுங்க. அப்புறம் தபசு காலம். ஈஸ்டர் வரைக்கும் தாலி கட்ட மாட்டாங்க."

விபூதிக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்? விசாரிப்பதென்றால் எனக்குச் சோறு வேண்டாம். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலாம். சாமியார் நெற்றியில் இடுவாராம். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் மேல் இரக்கம் வந்தது. நாற்பது நாளில் மாப்பிள்ளை வீட்டார் மனசு எப்படி எப்படி மாறுமோ!

நானே ஒரு சோதனை வைத்தேன். வளைவு வாந்தி என்றால் கால் தரையில் பட்டதும் அடங்கும், பசிக்கும். அவளை ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஜேசுதாஸ்தான் நிலைகொள்ளவில்லை. மூன்று முறை காப்பிச் செடிகளுக்குள் போய் வந்தார். பீடி குடிக்கப் போகிறார், பெண்ணைப் பெற்றவர் பாடு பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் முகம் தெளிந்தது. டீக்கடையில் வாங்கிக் கொடுத்த இரண்டு பன்னையும் தின்றுவிட்டாள்.

"ஒனக்கு ஒண்ணுமில்ல. அடுத்த பஸ்ல கிளம்பும்மா."

அவள் எழவில்லை. அப்பா மறுபடியும் செடிக்குள் போயிருந்தார்.

"ஏனுங்க சார், பஸ்ல யாருக்காச்சும் வாந்தியான்னு மட்டுந்தானுங்களே கேட்டீங்க?"

"ஆமா."

"இன்னொண்ணு கேக்கலீங்களே."

எனக்குக் காது சூடானது. நோயின் பெயர் வாந்திபேதி. நிறைந்த பஸ்ஸில் பெண்களுக்கு நடுவே பேதியைப் பற்றி எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு, ஒரு வாரமாக முதல் பாதியை மட்டும் கேட்டு எத்தனை பஸ்ஸை மேலே அனுப்பியிருக்கிறேன்! அறிவு கெட்டவன்.

"அப்பாவுக்குக் காலையில இருந்து நிக்கலீங்க. தண்ணியாப் போகுது. சொல்லக்கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாருங்க."

"அப்படின்னா நீயும் போக முடியாதும்மா. கல்யாணம்..."

"தெரியுமுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணச் சோறு எங்க ஊட்டுக் கெணத்துத் தண்ணியிலதானுங்க ஆக்கோணும். ஊரே திங்குமுங்க."

ஜேசுதாஸ் ஒரு கிளையைப் பிடித்தபடி வெளியே வந்தார். கண் உள்ளே போயிருந்தது. "பஸ் வந்திருச்சு, ஏறு சாமி" என்றார். மகள் அசையாததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சொல்லிப்புட்டியா?"

"சொல்லிட்டேனுங்கப்பா."

அவருக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. அப்படியே மடங்கி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி ஜீப்புக்கு ஆள் அனுப்பிவிட்டு, நானும் அவளும் அவரைத் தூக்கிக் கொட்டகையில் கிடத்தினோம்.

வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் குழந்தைவேல் நாகலூர்க்காரர், அவர்களைத் தெரிந்தவர். ஆரோக்கியசெல்வி கொட்டகை வாசலிலிருந்தே அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, மாப்பிள்ளை ஊட்டுல சொல்லிருங்க. திங்கக்கெழமை கல்யாணம் இல்லீங்கன்னு."

"பின்ன எப்பன்னு சொல்லட்டும் கண்ணு?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"எங்கப்பா கோயிலுக்கு நடந்து வர்ற அன்னிக்குன்னு சொல்லுங்க."