எச்சரிக்கை உள்ளவர்கள்: 41

அக்கா தலைமை நர்ஸாக இருக்கும் வார்டில் மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ள வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களுடைய விவரங்களை வைக்க ஜாவாவில் ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்த மேதாவி நான். தனி டேட்டாபேஸ் சர்வர் எதற்கு என்று அப்ளிகேஷனுக்குள்ளேயே ஒரு குட்டி டேட்டாபேஸை வைத்துவிட்டேன். அதைக் கம்ப்யூட்டரில் ஃபைலாகச் சேமிக்கச் சொல்லலாம், அல்லது மெமரியில் மட்டும் வைத்திருக்கச் சொல்லலாம். சோதித்துப் பார்க்க இரண்டாவதுதான் வசதி. ஆனால் அப்ளிகேஷன் நின்றால் எல்லாம் போய்விடும். சோதனை முடிந்ததும் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை.

பதினோரு மாதம் யாருக்கும் இது தெரியவில்லை. தெரிந்தால்தானே ஆச்சரியம்? கம்ப்யூட்டர் மேல் 'அணைக்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் சீட்டு ஒட்டியவனும் நானே.

இன்று காலை அக்கா போன் செய்தாள். "டேய், ஒரு பக்கம் திறக்க மூணு நிமிஷம் ஆகுதுடா. வந்து பாரு."

வந்து பார்த்தேன். அந்த வரி மாறாமல் அப்படியே இருந்தது. மெமரி கழுத்துவரை நிரம்பிவிட்டது. இனி எந்த நிமிடமும் அப்ளிகேஷன் விழும். நிறுத்திச் சரிசெய்யலாம் என்றால், நிறுத்தினாலே எல்லாம் அழியும். வெளியிலிருந்து உள்ளே நுழைந்து எடுக்க நான் வழி வைக்கவில்லை. மெமரியை மொத்தமாக நகலெடுக்கலாம்தான், ஆனால் கம்ப்யூட்டரில் அதற்கு இடமில்லை. இருக்கிற ஒரே வழி அப்ளிகேஷனின் சொந்தப் பக்கங்கள்தான்.

அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நோயாளிங்களோட பழைய அட்டையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டேனேடா," என்றாள். "'எதுக்குக்கா ரெண்டு இடத்துல எழுதுறே'ன்னு நீதானே கேட்ட?"

முகப்புப் பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி தெரிந்தது. எச்சரிக்கை உள்ளவர்கள்: 41. முன்பு ரத்தம் ஏற்றியபோது உடம்பு ஏற்காமல் உயிருக்குப் போராடியவர்கள். சில பேருடைய ரத்தத்தை இப்போது சோதித்தால் அது தெரியவே தெரியாது, பழைய குறிப்பு ஒன்றுதான் சொல்லும்.

"முழுப் பட்டியலையும் ஒரேயடியா திறக்க முடியாதாடா?"

"திறந்தா அதுலயே விழுந்துடும்க்கா. ஒவ்வொரு பேரா அடிச்சுத்தான் தேடணும். பேரு ஞாபகம் இருக்கா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு பெயர்களைச் சொன்னாள். நான் அடித்தேன். பக்கம் திறந்ததும் அவள் போனில் படம் எடுத்தாள். பத்து. பதினெட்டு. ஒரு பெயருக்கு நான்கு நிமிடம், அடுத்ததற்கு ஆறு. தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு நாற்பது ஆனது.

நாற்பத்தொன்றாவது பெயர் அவளுக்கு வரவில்லை.

"ஆம்பளையா பொம்பளையா, அதுவாவது ஞாபகம் இருக்கா?"

"தெரியலடா." நெற்றியில் அடித்துக்கொண்டாள். எத்தனையோ உயிர் போவதைப் பார்த்தும் அழாதவள் தேம்பினாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பட்டியலைத் திற," என்றாள்.

"மத்தவங்க விவரம் மொத்தமும் போயிடும்க்கா."

"அதையெல்லாம் மறுபடி கேட்டு எழுதிக்கலாம். விழுறதுக்குள்ள அந்த ஒரு பேரு கண்ணுல பட்டா போதும். திறடா."

திறந்தேன். வட்டம் சுற்றியது. சுற்றியது. மெமரி போதவில்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். மறுபடி ஓட விட்டேன். பதினோரு மாதத்தில் இல்லாத வேகத்தில் முகப்புப் பக்கம் வந்து நின்றது.

எச்சரிக்கை உள்ளவர்கள்: 0.

அக்கா வார்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். முதல் கட்டிலில் ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துத் தயாராகக் காத்திருந்தார். நாற்பது படங்களில் அவர் இல்லை.

"ஐயா, முன்னாடி எப்பவாவது ரத்தம் ஏத்தினப்ப குளிர், மூச்சுத்திணறல் ஏதாவது வந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பெரியவர் யோசித்தார். பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்கு எங்கே ஞாபகம் இருக்கும்மா? அதெல்லாம் நீங்கதான் கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருப்பீங்களே."