பூட்டிய கதவும் ஒரு முதலையும்

நெடுங்குன்றம் ஏரிக்குப் பின்னால் எனக்கு ஒரு கிரவுண்டு மனை இருக்கிறது. அதில் ஒரு வாசக்கால், வாசக்காலில் ஒரு கதவு. சுவர் கிடையாது. நல்ல நாள் பார்த்து நிலை வைத்தோம். சுவர் எழுப்பாமல் கதவு மாட்டும் வழக்கமில்லை என்றார் மேஸ்திரி. பூட்டித் திறந்து பார்க்கவேண்டும் என்றாள் என் மனைவி அபிதகுஜாம்பாள். பார்த்தாள். அந்த மாதமே போய்விட்டாள்.

அப்புறம் நான் கட்டவும் இல்லை, விற்கவும் இல்லை. சேலையூரிலிருந்து பஸ்ஸில் போவேன். பூட்டைத் திறந்து, வலது காலை எடுத்துவைத்து உள்ளே நுழைவேன். சமையலறைக்கு அஸ்திவாரம் தோண்டிய பள்ளத்தின் அருகே குடையை வைத்துவிட்டு உட்காருவேன். துக்கம் என்று சொல்லமுடியாது. ஒன்றும் தோன்றாது, அவ்வளவுதான்.

போன மழையில் அந்தப் பள்ளத்துக்கு ஒரு முதலை குடிவந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். சுற்றிக்கொண்டு வர நாலு பக்கமும் வழி இருந்தும், அது கதவு வழியாகத்தான் போகும், வரும். பூட்டியிருந்தால் நான் வரும்வரை வாசலில் காத்திருக்கும். வளர்ந்த விதம் அப்படி.

ஒருநாள் ஆடு மேய்க்கும் கிளியம்மாள் வந்தாள். “சார், என் ஆடு உங்க வூட்டாண்ட மேஞ்சுகினு இருந்துச்சு. காணோம்.”

“கதவு பூட்டியிருந்ததேம்மா.”

“இன்னா சார், சொவுரே இல்ல, கதவப் பத்திப் பேசுற!”

முதலைதான் தின்றிருக்கும் என்று அவள் போய்ச் சொல்ல, மறுநாள் வனத்துறையிலிருந்து வனவர் ஜெரோம் வந்தார். வலையும் கயிறுமாகக் கூடவே சாலமன் என்ற காவலர். உள்ளே உட்கார்ந்திருந்த நான் எழுந்து வந்து, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு வெளியே நின்றேன்.

“இது தனியார் இடம்” என்றேன்.

“இடம் உங்களோடது சார். முதலை கவர்மென்டோடது.”

“உள்ளே வர என் அனுமதி வேணும்.”

“வேணாம் சார். உள்ள இருக்குன்னு எங்களுக்குத் தகவல் வந்தா போதும், வாரண்டே தேவையில்ல. சட்டம் அப்படி.”

“சரி. வர்றதுன்னா வாசல் வழியா வாங்க. பக்கவாட்டுல வந்தா அத்துமீறல்.”

சாலமன் சிரித்தான். “அண்ணா, இந்தாண்ட மைதானம் மாதிரி தொறந்து கீது. வா, போய்க்கலாம்.”

ஜெரோம் நகரவில்லை. வாசக்காலில் வெளுத்துப்போன மஞ்சளையும், காய்ந்த மாவிலையையும் பார்த்தார்.

“நிலை வெச்சது யாரு சார்?”

“என் வைஃப்.”

“அவங்க?”

“இல்லை.”

அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். “சாலமன், நீயும் கழட்டு.”

“முதலையாண்ட வெறுங்காலோடவாண்ணா?”

“கழட்றா. நீங்க தொறங்க சார்.”

திறந்தால் முதலை போய்விடும். திறக்காவிட்டால் பக்கத்தால் நுழைவார்கள். ஒரு தடவை அப்படி நுழைந்துவிட்டால் அப்புறம் அது வீடு இல்லை, வெறும் மனை. திறந்தேன்.

முதலை சண்டை போடவில்லை. வாயைக் கட்டித் தூக்கிவந்தார்கள். வாசலில் வால் சிக்கியது. பீரோவை வெளியே எடுப்பதுபோல ஒருக்களித்துத் திருப்பினார்கள். “நிலையில இடிக்காமப் பாத்துடா” என்றார் ஜெரோம். கிளியம்மாளும் வேடிக்கை பார்த்தாள். அவள் பக்கத்தில் அவளுடைய ஆடும் நின்று பார்த்தது.

“நேத்தே வந்துட்ச்சு சார்” என்றாள். “சொல்ல மறந்துட்டேன்.”

வண்டி கிளம்பியது. கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தேன். தூறல் விழுந்தபோதுதான் குடை ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன். குடை பள்ளத்தின் அருகே கிடந்தது.

சாவி பையில் இருந்தது. நான் வாசக்காலைச் சுற்றிக்கொண்டு போய்க் குடையை எடுத்துவந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.