மாமனார் ரிங்டோன்

பழவேற்காட்டு மீன் ஏலத்தில் நண்டு வியாபாரி தேவேந்திரனின் போன் அடித்தால், கூப்பிடுவது யாரென்று கடைசியில் உட்கார்ந்திருக்கும் கூடைக்காரிக்குக்கூடத் தெரிந்துவிடும். ஆளுக்கொரு சத்தம் வைத்திருந்தான். சென்னை கம்பெனி ஏஜெண்டுக்குக் கோயில் மணி, படியளக்கிறவர் அல்லவா. ஐஸ் வண்டிக்காரனுக்கு நாய் குரைப்பு. பெண்டாட்டி ஐஸ்வர்யாவுக்குக் கொலுசு. உயிர் நண்டின் கொடுக்கை மடக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறவன் பாதியில் கையை எடுத்தால் விரல் மிஞ்சாது. அதனால் காதாலேயே ஆளைப் பார்த்து, எடுக்க வேண்டியதை மட்டும் எடுப்பான். ஏல இரைச்சலிலும் படகு இன்ஜின் சத்தத்திலும் கேட்க வேண்டுமே என்று ஒலியை எப்போதும் உச்சத்தில் வைத்திருந்தான்.

இதில் பெயர் பெற்றது மாமனார் சத்தம்தான். "மாப்ளேய்ய்! நான் சகாதேவன் பேசறேன் மாப்ளேய்! கோச்சுக்காதீங்க மாப்ளேய்! போன எடுங்க மாப்ளேய்!"

அது சகாதேவனின் சொந்தக் குரல். ஏரிக்கு அக்கரையில், பசியாவரத்தில் வலை போடுகிற மனிதர். காற்றுக்கு எதிரே அடுத்த படகைக் கூப்பிட்டே பழகிய தொண்டை. போனிலும் அப்படித்தான் பேசுவார். ஐஸ்வர்யாவின் சீமந்தத்தில் தேவேந்திரனுடைய அக்கா காந்தாவுக்கு மாமனார் வீட்டார் முதல் பந்தியில் இலை போட மறந்துவிட்டார்கள். அன்றைக்கு முறுக்கிக்கொண்டவன்தான். அவள் தாய்வீட்டில் குழந்தை பிறந்ததும் ஒருமுறை போய் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் காபிகூடக் குடிக்காமல் திரும்பினான். அதன் பிறகு மாமனார் அழைப்பை எடுப்பதே இல்லை. மனிதர் வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பினார். அதைப் போன் கடைப் பூபதியிடம் கொடுத்து, கெஞ்சுகிற இடத்தை மட்டும் வெட்டி ரிங்டோனாக வைத்துக்கொண்டான்.

ஏலத்தில் அது சூப்பர் ஹிட். போன் அடித்ததும் ஒரு பக்கத்தில் ஆரம்பித்து, "மாப்ளேய்ய்" என்று மொத்தக் கூட்டமும் சேர்ந்து இழுக்கும். மீன்காரி முத்தம்மாள் மட்டும் ஒருநாள் கேட்டாள்.

"யோவ், பொண்ணு குடுத்த மனுசன் தொண்ட கிழிய கத்தறாரு. எடுத்து இன்னான்னு கேக்கக் கூடாதா?"

"கத்தட்டும் ஆயா. கத்துனாதான் எங்க அக்கா அருமை தெரியும்."

அந்த அக்காவே கடைசியில் அலுத்துவிட்டாள். "எலை போடாதது எனக்கு. எனக்கே மறந்து பூட்ச்சி. நீ இன்னாத்துக்குடா இன்னும் தூக்கினு திரியற? கொயந்த மூஞ்சி பாக்க வாணாமா?" என்று நாளும் பார்த்து, கூடவே கிளம்பிவிட்டாள். தாயையும் பிள்ளையையும் முறையாக அழைத்துவர, பூ, பழம், புதுப்புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு கூட்டாளி பூவரசனின் படகில் ஏறினார்கள். தண்ணீர் தெறிக்குமென்று தேவேந்திரன் போனைப் பாலித்தீன் உறையில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினான். ஏரிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

பசியாவரம் கரை நெருங்கியபோது தண்ணீர் முழங்காலளவு. பூவரசன் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றினான். காற்றில்லை, ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. கரையில் ஆரத்தித் தட்டோடு பெண்கள். நடுவில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐஸ்வர்யா. அவளுக்கு முன்னால் சலவை வேட்டியில் சகாதேவன், வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். வருவது மருமகன் படகா வேறு யாருடையதா என்று தெரியவில்லை போலும். இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தார்.

டப்பாவுக்குள்ளிருந்து கிளம்பியது.

"மாப்ளேய்ய்! நான் சகாதேவன் பேசறேன் மாப்ளேய்!"

தேவேந்திரன் டப்பாவின் மேல் விழுந்தான். அவன் கட்டிய கட்டு, அவன் விரலுக்கே அவிழவில்லை. மடியில் வைத்து அமுக்கினால் டப்பா இன்னும் கணீரென்று பேசியது. அசையாத தண்ணீர் ஒரு சொல்லையும் வழியில் விடாமல் கரைக்குக் கொண்டுபோனது. "கோச்சுக்காதீங்க மாப்ளேய்!"

பழக்கதோஷம், கழி ஊன்றிக்கொண்டே பூவரசன் வாய் திறந்து, "போன எடுங்க மாப்ளேய்ய்" என்று ராகமாகச் சேர்ந்து இழுத்துவிட்டான். இழுத்த பிறகுதான் கரையைப் பார்த்தான்.

"அடப்பாவி" என்றாள் காந்தா. தம்பியைச் சொன்னாளா, பூவரசனைச் சொன்னாளா, அவளுக்கே தெரியாது.

கரையில் இரண்டு பேர் சிரித்தார்கள், சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். சகாதேவன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். பிறகு அழைப்பை அணைத்தார். ஏரியில் சத்தம் நின்றது.

அவர் திட்டியிருந்தால் தேவேந்திரனுக்குப் பதில் இருந்தது. வியாபாரி வாய்க்குப் பதில் பஞ்சமா? அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்து, படகின் கயிற்றைப் பிடித்தார். மருமகன் கால் நனையக் கூடாதென்று கரைவரை இழுத்தார். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

"அவ்ளோ சத்தமாவா பேசறேன்?" என்றார், பக்கத்திலிருப்பவனுக்கே கேட்காத குரலில். "தெர்ல. யாரும் சொல்லல. நாலு பேர் எதிர்ல உங்களுக்கு அசிங்கமா பூட்டிருக்கும்."

தேவேந்திரனுக்கு ஏரியே தலைக்கு மேல் போனால் தேவலாம்போல் இருந்தது. "இல்ல மாமா... பூபதிதான்..." என்று ஆரம்பித்து, அந்த அற்பப் பொய்யையும் முடிக்க முடியாமல் நின்றான்.

ஆரத்தி சுற்ற யாரும் முன்னே வரவில்லை. ஐஸ்வர்யா வந்தாள்.

"ஏலத்துல அடிக்குமா இது?"

அவன் டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பூவரசன் தரையைப் பார்த்தான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"எங்க நைனா டெய்லி கூப்ட்டுட்டு, 'மாப்ள ஏலத்துல பிஸியா இருப்பாரும்மா'ன்னு எனக்கே சமாதானம் சொல்வாரு. அங்க ஊரே சிரிச்சினு இருந்துச்சா?" என்றாள். "அண்ணி, நீங்க வாங்க, சாப்டுங்க. எலை போட்டிருக்கு. நான் இன்னிக்கு வரல."

"ஐசு, வாணாம்மா, நாள் பாத்து வந்துக்கிறாங்க" என்றார் சகாதேவன், அதே ரகசியக் குரலில்.

"நீ சும்மா இரு நைனா."

காந்தா மட்டும் சாப்பிட்டாள். படகு வந்தபடியே திரும்பியது. பூவும் பழமும் வெயிலில் வாடின.

அன்றே தேவேந்திரன் எல்லாச் சத்தத்தையும் அழித்து, ஊருக்கெல்லாம் ஒரே மணியை வைத்தான். மாமனாரிடமிருந்துதான் அழைப்பு வரவில்லை. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் நண்டைப் போட்டுவிட்டு எடுத்துப் பார்த்தான். இரண்டு முறை கொடுக்கு விரலைப் பதம் பார்த்தது. ஏலத்தில் யாரோ பழைய ஞாபகத்தில் "மாப்ளேய்" என்றபோது அவன் திரும்பிய திரும்பலில் அவர்களும் விட்டுவிட்டார்கள்.

ஒரு காலை, ஏலம் உச்சத்திலிருக்கும்போது அவனே கூப்பிட்டான். தனியாகப் போய்ப் பேசலாம்தான், ஆனால் தைரியம் இந்த நிமிஷம்தான் வந்தது, நடப்பதற்குள் போய்விடும். அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"மாமா? நான் தேவேந்திரன். என்ன மன்னிச்சிடுங்க மாமா. ஐசுவையும் கொயந்தையயும் கூட்டினு போக வரலாமா மாமா?"

சகாதேவன் ஏதோ சொன்னார். காற்று உரசுகிற மாதிரி அவ்வளவு மெல்ல. வா என்றாரா, வேண்டாம் என்றாரா?

"கேக்கல மாமா! சத்தமா சொல்லுங்க மாமா!"

மறுபடி அதே மெல்லிய குரல். அந்தத் தொண்டைக்கு யார் பூட்டுப் போட்டது என்று அவனுக்குத்தானே தெரியும்.

"மாமாவ்வ்! பழைய மாதிரி பேசுங்க மாமாவ்வ்!"

ஏலம் நின்றது. மீன் கூறுக்கு விலை கூவிக்கொண்டிருந்தவன் வாயை மூடினான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடக் கொஞ்சம் கடன் தீர்ந்திருக்கும்.

இணைப்பு அறுந்தது. கட்டாத நண்டுகள் கூடையை விட்டு ஏறி நாலாபக்கமும் ஓடின. முத்தம்மாள் கூப்பிடக் கூப்பிட, அவன் திரும்பிப் பார்க்காமல், பசியாவரத்துக்குப் படகு கிடைக்குமா என்று துறையைப் பார்த்து நடந்தான்.