காப்பர் வேலியில் ஒரு குருவி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் தமயந்தி மடிக்கணினியைத் திறந்தாள். சிறுவயதில் அண்ணன் சந்திரமோகனோடு விளையாடிய 'காப்பர் வேலி', அதாவது செம்புப் பள்ளத்தாக்கு, என்ற கணினிப் புதிர் விளையாட்டை, படங்களை மெருகேற்றிப் புதிதாக வெளியிட்டிருந்தார்கள்.

ஆளில்லாத சுரங்க ஊர் அது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு புதிர். கடைசிக்கு முந்திய கதவில் நான்கு மணிகள் தொங்கும். அவற்றை எந்த வரிசையில் அடிப்பது என்று தெரியாமல் அண்ணனும் தங்கையும் ஒரு கோடை விடுமுறை முழுக்க அங்கேயே நின்றார்கள். பிறகு கணினி பழுதாகிவிட்டது. அவளும் கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்துவிட்டாள்.

சாயங்காலம் அவள் மறுபடி அந்தக் கதவுக்கு வந்து சேர்ந்தாள். மணிகளையே முறைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவன் வளவன் தலை தூக்கினான்.

"என்னா இது, குருவி ஒண்ணு கத்திகினே இருக்குது?"

"எங்க?"

"உன் கம்ப்யூட்டர்லதான்."

அவள் காது கொடுத்துக் கேட்டாள். கீச்சென்று ஒன்று, அடித்தொண்டையில் இரண்டு, மறுபடி கீச்சென்று ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு அதே வரிசை. மணிகளை அடிக்க வேண்டிய வரிசையைத்தான் குருவி சொல்லிக்கொண்டிருந்தது.

பொதட்டூர்பேட்டையில் அவளும் அண்ணனும் வளர்ந்த வீட்டில் கணினி விசைத்தறிகளுக்கு நடுவில் இருந்தது. தறி ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அந்த விளையாட்டில் சத்தம் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

திரையில் மணியின் மேல் வைத்த அம்புக்குறியை நகர்த்திவிட்டு, கனகம்மாசத்திரத்தில் கடை வைத்திருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, மணிக்கதவு புரிஞ்சிடுச்சு."

"எந்த மணி? காப்பர் வேலியா? தொறந்துட்டியா?"

"இல்ல."

"தொறக்காத. தோ, வந்துகினே இருக்கறேன்."

பைக்கில் வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குருவியைக் கேட்டான். அப்புறம் அடக்கமுடியாமல் சிரித்தான்.

"நான் மணியோட நெழலை ஸ்கேல் வெச்சு அளந்துகினு இருந்தேனே!"

"கலர்தான் கணக்குன்னு நானும் உன்னாண்ட சண்டை போட்டேன்."

அவனையே அடிக்கச் சொன்னாள். முதல் முறை தவறிப்போனது. "ரெண்டாவது அது இல்லண்ணா, அதைவிடக் கனமானது," என்றாள். இருவரும் மூச்சை அடக்கிக் குருவியை மறுபடி கேட்டார்கள். இந்த முறை நான்காவது மணியோசை ஓயுமுன் கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. உள்ளே மஞ்சள் வெயிலில் ஒரு பள்ளத்தாக்கு விரிந்தது. தமயந்தி கைதட்டிவிட்டாள்.

"முடிஞ்சுதா மச்சான்?" என்றான் வளவன்.

"எங்க, இன்னும் ஒரு கதவு இருக்குது மாப்ள."

சந்திரமோகன் மனைவிக்குப் போன் போட்டான். "கனிமொழி, கடையை நீயே சாத்திடு. நான் வர லேட்டாவும்."

"ஏங்க, தமயந்திக்கு எதுனா முடியலையா?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் கீறா. நாங்க ஒரு முக்கியமான வேலையில இருக்கறோம்."

தமயந்தி நாற்காலியை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள். இருவரும் பள்ளத்தாக்கில் இறங்கத் தொடங்கினார்கள்.