பதினொரு படகுகள்

அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்து போயிருக்கும்? ஒரே ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக எல்லாம் கடலுக்கு ஆகிவிடாது அண்ணே என்று. வாய் வரைக்கும் வந்ததுதான். அதை முழுங்கிவிட்டுச் சிரித்தேனே, எதற்கு?

விஜிலா சோதனைக் கருவியின் முனையை உடைந்த போல்ட்டின் தலையில் மறுபடியும் வைத்து அழுத்தினாள். இது மூன்றாவது முறை. திரையில் அதே எண்கள்தான் வந்தன. மாங்கனீசு ஒன்பது விழுக்காடு, நிக்கல் நான்கு, மாலிப்டினம் இல்லவே இல்லை. சோற்றுப் பானைக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் போதுமான எவர்சில்வர். வீட்டுக்குள் வருடக்கணக்கில் பளபளக்கும். உப்புத் தண்ணீரில் ஊசி குத்தியதுபோல் அங்கங்கே துளை விழுந்து, வெளியே மினுக்கு அப்படியே இருக்க, உள்ளே அரித்துக்கொண்டு போகும். கடலுக்கென்று உருக்கும்போது இரண்டு விழுக்காடு மாலிப்டினம் சேர்ப்பது இதைத் தடுக்கத்தான்.

அந்த போல்ட் ஒரு விசைப்படகின் சுக்கானைப் பிடித்திருந்தது. போன வாரம் அது முறிந்து, சுக்கான் கழன்று, படகு அலைக்குக் குறுக்கே திரும்பியதில் அதிலிருந்த மீனவன் பெனிஸ்டன் கடலில் விழுந்தான். மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். அடக்கத்தின்போது அவன் மனைவி மரியசெல்வி அழவில்லை. சவப்பெட்டியின் மூடியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

படகுக்காரர்கள் சங்கம் போல்ட்டை விஜிலா வேலை பார்க்கும் உலோகச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருந்தது. அதை விற்றவன் விஜிலாவின் அண்ணன் ரோச். அதே போல்ட் பெட்டியிலிருந்து இன்னும் பதினொரு படகுகளுக்குக் கொடுத்திருக்கிறான்.

அவன் ஏமாற்றவில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தான். காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் கடலுக்கு ஆகும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைப் போட்டு உருக்கினாலும் காந்தம் ஒட்டாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. விஜிலாவுக்குத் தெரியும்.

போன வருடம் ரோச்சின் மகள் பெனிஷாவின் ஞானஸ்நான விருந்தில், புதிதாக வந்த அந்தப் போல்ட் பெட்டியைத் திறந்து, வந்தவர்கள் முன்னால் காந்தத்தை வைத்துக் காட்டினான். பிரியாணிக் கரண்டி ஒட்டியது. போல்ட் ஒட்டவில்லை.

"ஏளா விஜி, ஒன் காலேஜ் படிப்பு பூராவும் இந்தத் துண்டு காந்தத்துல அடங்கிப் போச்சு, பாத்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். படித்தும் அடக்கமான தங்கச்சி என்று யாரோ சொன்னார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம். கூடத்தில் வேறு யாரும் இல்லை. ரோச் உள்ளே வந்து, உட்காராமல் நின்றான். நான்கு நாள் தாடி.

"என்னளா வந்துருக்கு?"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.

"காந்தம் ஒட்டலியே, விஜி. நீயும் பாத்தல்லா?"

"பாத்தேன். அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணு அன்னைக்கே எனக்குத் தெரியும் அண்ணே. சொல்லாம இருந்துட்டேன்."

அவன் அவளையே பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தான்.

"தெரிஞ்சேவா?"

"ஆமா."

அவன் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சரி. போனவன் போயிட்டான். நான் பொய் எழுதச் சொல்லல. முடிவு வர ஒரு வாரம் ஆவும்னு மட்டும் சொல்லு. அதுக்குள்ள பதினோரு போட்டுலயும் நானே ஒவ்வொண்ணா மாத்திருதேன். ஒருத்தனுக்கும் தெரியாண்டாம். இல்லேன்னா மரியசெல்வி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அது நியாயம்போலவே இருந்தது. ஒரு வாரம். யாருக்கும் அவமானம் இல்லை. அவள் வாய் மூடியிருந்ததும் வெளியே தெரியாது. அவனைவிட அந்த ஒரு வாரம் தனக்குத்தான் அதிகம் தேவை என்று அவளுக்குத் தோன்றியது.

"திங்கக்கெழம காலைல போட்டெல்லாம் கடலுக்குப் போவும்லா?" என்றாள்.

"ரெண்டு நாள்ல பாதிய மாத்திருவேன்."

"மிச்சம் பாதி?"

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நான் ஒங்கண்ணன்லா?" என்றான்.

"ஆமா அண்ணே."

"ஒரே வாரம், விஜி."

"முடியாது அண்ணே" என்றாள், அவன் கைமேல் தன் கையை வைத்து. "சங்கத்துக்கு இப்பவே போன் போடப் போறேன். இங்கனயே இரி."