கல்லில் இருந்த ‘கள்’

“உயிரோட இருக்கிற மனுஷனை எப்படிய்யா தூங்க வெச்ச?”

ரொட்டிக்கடைக்காரரின் மகள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது. எதிர்வீடு என்னுடையதுதான்.

கல்லறைக் கல் வெட்டுகிறவன் கடைவாசலில் விழித்துக்கொண்டு நின்றான். “உங்கப்பாதாங்க அம்மா கல்லுல தன் பேரையும் சேர்த்துப் போடச் சொன்னாரு. ரெண்டு பேர்னா ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்’னுதானே வரும்? இலக்கணம்ங்க.”

“இலக்கணத்தை உன் தலையில வெட்டிக்க.”

“விடும்மா,” என்றார் அப்பா, உள்ளே மாவு மூட்டைமேல் உட்கார்ந்தபடி. “தேதி ஒண்ணுதான் பாக்கி.”

மனைவியை அடக்கம் செய்த அன்று அணைத்த அடுப்பை அவர் திரும்பப் பற்றவைக்கவே இல்லை. மடியில் வேதாகமம், மாதக்கணக்கில் ஒரே பக்கம். சோறு பாதி இறங்கும். இப்படியே அம்மா பின்னால் போய்விடுவார் என்று மகளுக்குப் பயம். அப்பாவையும் கல் வெட்டுகிறவனையும் கல்லறைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள், எழுத்தை அழிக்க. எனக்கும் அன்றைக்குப் பார்த்து மாமியார் கல்லறைக்குப் பூ வைக்கத் தோன்றியது.

அங்கே அடுத்த தெருத் தையல்காரம்மா அந்தக் கல்முன் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார். திரும்பியவர் கையிலிருந்து குடை விழுந்தது.

“அண்ணே... நீங்களா?”

“நான்தாம்மா.”

பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. “பல்லு போன எங்கம்மாவுக்கு உங்க ரொட்டி ஒண்ணுதான் இறங்கும். துக்கத்துல கடையை மூடியிருக்கீங்கன்னு பொறுத்தேன். கல்லைப் பார்த்துட்டு, போய்ச் சேர்ந்துட்டீங்கன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். உயிரை வெச்சுக்கிட்டா அடுப்பை அணைச்சு வெச்சிருக்கீங்க?”

ரொட்டிக்கடைக்காரர் குனிந்து குடையை எடுத்து அந்தம்மா கையில் கொடுத்தார்.

“ஆண்டவர் அவளைத்தான் கூப்பிட்டாரு. என்னைக் கூப்பிடாமலே நான் போய்ப் படுத்துக்கிட்டேன்,” என்றார். பிறகு, “தம்பி, அந்தக் கள்ளை எடுத்துடு.”

ஜென்மத்தில் ஒரு சொட்டு குடிக்காத மனிதர். மகள் களுக்கென்று சிரித்தாள். சிரித்த வாயாலேயே அழுதாள்.

“பேரு?” என்றான் கல் வெட்டுகிறவன்.

“அது இருக்கட்டும். என்னைக்கு இருந்தாலும் அவ பக்கத்துல வரப்போறவன்தானே. அவசரமில்லை.”

இனி ‘நித்திரையடைந்தார்’ என்று அம்மாவுக்கு மட்டும் மரியாதையாக நிற்கும்.

மறுநாள் தெரு ரொட்டி வாசனையில் விழித்தது. முதல் தட்டு அடியில் கருகியிருந்தது. குறை சொல்லாமல் தின்றோம். மெத்தென்று வந்த ஒன்றைத் துணியில் சுற்றி, பல்லில்லாத அந்த அம்மாவுக்கு அவரே கொண்டுபோனார். தினமும் போனார். அவருக்கும் தையல்காரம்மாவுக்கும் நாங்கள் வாயாலேயே கல்யாணம் முடித்துவிட்டோம். அந்தம்மாவுக்குக் கப்பலில் வேலை பார்க்கும் புருஷன் இருப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

நிஜக் கல்யாணம் வேறிடத்தில் நடந்தது. இரண்டு எழுத்தைச் செதுக்கி எடுக்க அந்தக் கல் வெட்டுகிற பையனுக்கு எத்தனையோ நாள் பிடித்தது. மகளும் கூடவே நின்று மேற்பார்வை பார்த்தாள். கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டு, கல்குவாரி இருக்கும் ஊருக்குக் குடிபோனார்கள். அப்பாவையும் கூப்பிட்டார்கள். விடியுமுன் மாவு பிசைய ஆள் வேண்டுமே என்று அவர் போகவில்லை.