தலைமாட்டுப் பிடி

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் கணவனின் நகக்கண்ணிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஐரீன். யேசுதாஸ் அலைத்தடுப்புச் சுவர் மேல் கிரேன் ஓட்டியவன். நேற்று மத்தியானம் சுவர் சரிந்து, கிரேனோடு கடலுக்குள் போனான். முங்கி அவன் உடலை மேலே கொண்டுவந்தவன் அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் லூயிஸ். காண்ட்ராக்டரிடம் முங்குகிற வேலை அவனுக்கு.

கிரேனுக்குச் சங்கிலி மாட்டும் ரஷீது வாசலிலேயே நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னான். சுவரின் நடுவே சின்னக் கல்லைக் கொட்டலாம். கடல் பக்கம் காலடியில் மட்டும் ஆளுயரப் பாறை வேண்டும். இல்லையென்றால் அலை அரித்துவிடும். சரிந்த இடத்தில் கிடப்பதெல்லாம் ஒரு ஆள் தூக்குகிற கல்தானாம். யேசுதாஸுக்கும் சந்தேகம் இருந்ததாம். யாராவது கீழே முங்கிப் பார்த்துச் சொல்லாமல் கிரேனை நகர்த்த மாட்டேன் என்று ஒரு நாள் முழுக்க மல்லுக்கு நின்றானாம்.

"பார்த்தது யாரு?" என்று ஐரீன் கேட்கவில்லை. முங்குவதற்கு அங்கே ஒரே ஆள்தான்.

முந்தாநாள் ராத்திரி லூயிஸ் இங்கேதான் சாப்பிட்டான். சங்கரா மீன் குழம்பில் தலைத்துண்டை அவனுக்கு வைத்தாள். அவன் போனதும், அண்ணனே பார்த்துவிட்டார், இனி என்ன என்று சொல்லிவிட்டு யேசுதாஸ் நிம்மதியாகத் தூங்கினான்.

சவப்பெட்டியோடு வந்த லூயிஸை அவள் அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டாள்.

"மாமா, அடியில பாறை இருந்துச்சா?"

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"இருந்துச்சா?"

அவன் தண்ணீர்ப் பானையைப் பார்த்தான். "அப்பால போட்டுக்கலாம்னு காண்ட்ராக்டர் சொன்னான். மழைக்காலம் வர்ற வரிக்கும் தாங்கும்னுதான் நானும்... வேலைய நெரந்தரம் பண்றேன்னான், ஐரீனு."

"அவரு உன்னத்தான நம்பிகினு இருந்தாரு."

அவள் துணியை அலசிக் கொடியில் போட்டாள்.

கோயில் பிள்ளையின் ஜெபமும் பாட்டும் முடிந்தன. பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். தலைமாட்டுப் பிடி கூடப்பிறந்தவனுக்கு. யாரும் சொல்ல வேண்டியதில்லை. லூயிஸ் குனிந்தான். ஐரீன் குறுக்கே வந்து அந்தப் பிடியில் தன் கையை வைத்தாள்.

"ரஷீது அண்ணே, நீ வா."

ரஷீது கோயில் பிள்ளையைப் பார்த்தான், சனங்களைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அவன் கை பட்ட பிறகே அவள் விலகினாள்.

பெட்டி வாசலைத் தாண்டியது. உள்ளே லூயிஸ் இன்னும் நிமிரவில்லை.